மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. மதிலுக்கு உள்ளே குருவானவர் செபித்து மந்திரித்த நிலம். அங்கே சிலுவைகளும் சுண்ணாம்பு அடித்த மேடைகளும் இருக்கும், வசதி உள்ளவர்களுக்குச் சலவைக்கல் கல்லறை. மேற்கு மதிலைத் தாண்டினால் உடைமரம் மண்டிய ஒரு துண்டு நிலம். தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போன பிள்ளைகளையும் அங்கேதான் புதைப்பார்கள். என் ஆச்சியின் முதல் பிள்ளை அங்கேதான் கிடந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். வீட்டில்தான் பிரசவம். பிள்ளை பிறந்து அழவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் எடுக்க அடுக்களைக்கு ஓடினாள். செம்போடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

"ஒரு கை தண்ணிதாம்ல. அது மட்டும் தலையில பட்டிருந்தா உள்ள வச்சிருப்பாவ" என்பாள் ஆச்சி.

உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, மதிலுக்கு வெளியே குழி வெட்டும்படி தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். பூசை இல்லை, மணி இல்லை, பங்குக் குருவான சாமியாரும் வரவில்லை. பேரும் கிடையாது, ஏனென்றால் எங்களுக்கெல்லாம் பேர் வைப்பதே ஞானஸ்நானத்தில்தான். அந்த உபதேசியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடப்பில் இருந்தது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கம் இல்லை என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. அவர் சட்டப்படி நடந்தார். ஆச்சி கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதை நான் சும்மா நினைவுக்காக எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் பொதுநிலையினருக்கான இறையியல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நூற்றாண்டுத் தப்பறைகளை, அதாவது திருச்சபை தவறென்று தள்ளிய கொள்கைகளைப் பற்றிக் கேட்பது லேசான காரியமில்லை. பாதி வகுப்பு தூக்கத்தில் போனது. ஆனால் ஒரு நாள் பாடம் எடுத்த சாமியார், "நம்ம விசுவாசம் என்னன்னு தெரியணுமா? பிரசங்கத்தைக் கேக்காதீங்க, பூசைப் புத்தகத்தைப் படிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் லத்தீன் வாசகம் ஒன்றை எழுதினார்: லெக்ஸ் ஒராந்தி, லெக்ஸ் கிரெதெந்தி. செபிக்கும் முறையே விசுவசிக்கும் முறை.

கத்தோலிக்க இறையியலுக்கு வேதாகமம் ஊற்று, மரபு ஊற்று என்று கேட்டிருக்கிறோம். வழிபாடும் ஓர் ஊற்று என்பதுதான் இந்த வாசகத்தின் பொருள். முதலில் இறைவனைப் பற்றி ஒரு கொள்கை வகுத்து, அப்புறம் அதற்கு ஏற்றபடி செபம் எழுதினார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் நடந்தது தலைகீழ். சனங்கள் ஏற்கெனவே செபித்துக்கொண்டிருந்தார்கள். "நாம் இப்படிச் செபிக்கிறோமே, அப்படியானால் நாம் நம்புவது என்ன?" என்று பிற்பாடுதான் யாரோ கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அக்குவித்தானியா நாட்டு புரோஸ்பர். ஐந்தாம் நூற்றாண்டு, இன்றைய பிரான்ஸின் தென்பகுதிக்காரர். சாமியாரில்லை, சாதாரணப் பொதுநிலையினர். இது எனக்குப் பிடித்த தகவல். விசுவாசத்தின் தொடக்கம் மனிதனின் முயற்சியா, இறைவனின் கொடையா என்று அப்போது தெற்கு கௌலில், அதாவது அந்தத் தென்பிரான்ஸில், பெரிய சண்டை. புரோஸ்பர் தத்துவத்துக்குள் போகவில்லை. உலகம் முழுக்க ஆயர்கள் வழிபாட்டில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். விசுவசிக்காதவர்களுக்கு விசுவாசத்தைத் தரும்படியும், வழிதவறியவர்களைத் திருப்பும்படியும் இறைவனிடம்தானே மன்றாடுகிறார்கள்? மனிதன் தானாகவே தொடங்கிவிட முடியும் என்றால் இந்த மன்றாட்டு எதற்கு? செபத்தின் சட்டம் விசுவாசத்தின் சட்டத்தை நிலைநாட்டட்டும் என்று எழுதினார். அந்தக் குறிப்பு செலஸ்தீன் பாப்பரசரின் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் பாப்பரசரின் பேரிலேயே உலா வந்தது.

அவர் சொன்ன மன்றாட்டுகளின் வாரிசுதான் பெரிய வெள்ளிக்கிழமை நாம் சொல்லும் பத்து மன்றாட்டுகள். சின்ன வயதில் எனக்கு அது உடற்பயிற்சி. முழந்தாளிடுவோம், எழுந்திருப்போம், மறுபடி முழந்தாளிடுவோம். பக்கத்துப் பையனோடு யார் முதலில் எழுந்திருப்பது என்று போட்டி வேறு. அருளைப் பற்றிய ஒரு பெரிய வழக்குக்கு அந்த மன்றாட்டுகளே சாட்சி சொல்லியிருக்கின்றன என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஒழுங்காக நின்றிருப்பேனோ என்னவோ.

புரோஸ்பருக்கு முன்பே இந்த வழியில் போனவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் செசரேயாவின் ஆயர் பசிலியார் பிதாவுக்குப் புகழ் சொல்லும்போது, சில நேரம் "சுதன் வழியாகப் பரிசுத்த ஆவியில்" என்றார், சில நேரம் "சுதனோடும் பரிசுத்த ஆவியோடும்" என்றார். கூட்டத்தில் இருந்த சிலர் இந்த "ஓடு" எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு வேற்றுமை உருபுக்காகத் தகராறு! தமிழர்களுக்கு இது புரியும். பசிலியார் பதிலாக ஒரு நூலே எழுதினார். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் ஞானஸ்நானம் பெறுகிறோம், பெற்றபடியே விசுவசிக்கிறோம், விசுவசிக்கிறபடியே புகழ்கிறோம் என்பது அதன் சாரம். 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம், பிதாவோடும் சுதனோடும் ஒன்றாக ஆவியானவர் ஆராதிக்கப்படுகிறார் என்று அறிக்கையிட்டது. ஞாயிறுதோறும் நாம் சொல்கிறோமே, அந்த வரி.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே வகுப்பில் அடுத்த வாரம் புரோஸ்பர் காலத்துப் பெரிய இறையியலாரான ஆயர் அகுஸ்தீன் பாடத்துக்கு வந்தார். ஆச்சியின் பிள்ளையை மதிலுக்கு வெளியே தள்ளியதும் இதே வாதம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் மாசில்லாமல் பிறக்கிறார்கள் என்பது அவர் எதிர்த்து வாதாடிய, பெலாஜியுஸ் என்ற துறவியின் பக்கத்தாரின் நிலை. அகுஸ்தீன் சடங்கைக் காட்டினார். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் "பாவ மன்னிப்புக்காக" என்றுதானே திருச்சபை ஞானஸ்நானம் கொடுக்கிறது? அதன் முகத்தில் ஊதிப் பிசாசை ஓட்டுகிறதே, எதற்கு? அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு பாவமும் செய்யவில்லை. ஆகவே பிறவியிலேயே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இல்லாவிட்டால் சடங்கே பொய்யாகிவிடும். 418-இல் கார்த்தேஜ் சங்கமும் இதையே சொன்னது. ஜென்மப் பாவம் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் போதனைக்குப் பலமான தூண்களில் ஒன்று பிள்ளைகளின் ஞானஸ்நானச் சடங்கு.

சரி, அப்படியானால் அந்தத் தண்ணீர் படாமல் இறந்த பிள்ளை? அகுஸ்தீன் தயங்கவில்லை. தண்டனைதான், ஆனால் இருப்பதிலேயே மிக லேசான தண்டனை என்றார். இடைக்காலத்து இறையியலார்களுக்கு இது பொறுக்கவில்லை. லிம்போ என்ற நிலையை வகுத்தார்கள். நெருப்பில்லை, வேதனையில்லை, இறைவனின் முகதரிசனமும் இல்லை. தாங்கள் எதை இழந்தோம் என்றே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் துக்கமும் இல்லை என்று தாமஸ் அக்வினாஸ் ஓர் இடத்தில் விளக்குகிறார். கருணையோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் என்ன, தாய்க்குத் தெரியுமே.

தாய்மார்கள் இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்று ஒரு மாதா கோவில் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் செத்துப் பிறந்த பிள்ளைகளை அங்கே தூக்கிவருவார்கள். கனலுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே வைத்துச் சூடாக்கி, உதட்டின் மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஞானஸ்நானம், அப்புறம் மந்திரித்த நிலத்தில் அடக்கம். மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை, கான்ஸ்தான்ஸ் ஆயர் ரோமைக்குப் புகார் எழுதினார். 1990-களில் அந்த இடத்தைத் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அயர்லாந்தில் இன்னொரு கதை. கில்லீன் என்று பேர், பாழடைந்த கோவில்களின் ஓரத்திலும் வயல் மூலைகளிலும் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைப் புதைத்த இடங்கள். பேர் பொறிக்காத சின்னச் சின்னக் கற்கள்தான் அடையாளம். பொழுது சாய்ந்த பிறகு தகப்பன் மட்டும் தூக்கிப்போவானாம். இதைப் படித்தபோது உடைமரக் காடு கண்முன் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1614-ஆம் ஆண்டு ரோமைச் சடங்கு நூலில் ஞானஸ்நானம் பெற்றபின் இறந்த பிள்ளைக்கு அடக்கச் சடங்கு உண்டு. குரு கறுப்பு அணிவதில்லை, தோளில் போடும் வெள்ளை ஸ்டோலாத் துணி. "ஆண்டவரைத் துதியுங்கள், பிள்ளைகளே" என்ற சங்கீதம். பாவப் பொறுத்தலுக்கான செபமே இல்லை, ஏனென்றால் பொறுக்க ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை நேராக மோட்சத்தில் என்பதை எந்த ஞானோபதேசமும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த வெள்ளைத் துணி சொல்லிவிடும். பெறாமல் இறந்த பிள்ளைக்கு அந்த நூலில் ஒரு செபம்கூட இல்லை. அந்த மௌனமும் பாடம் நடத்தியது. லிம்போவைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை, அது இறையியலாரின் கருத்து மட்டும்தான். ஆனாலும் எங்கள் ஊரில் எல்லாரும் அதை நம்பினார்கள். புத்தகத்தில் படித்தா? குழி வெட்டிய இடத்தைப் பார்த்துத்தான்.

1951 அக்டோபரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசினார். வளர்ந்தவனுக்கு இறைவன்மேல் ஓர் அன்பின் செயல் போதும், பச்சைப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை, ஆகவே ஆபத்தில் உடனே ஞானஸ்நானம் கொடுங்கள் என்றார். ஞானஸ்நானம் கொடுக்கக் குருதான் வேண்டும் என்பதில்லை. திருச்சபை நினைக்கிறபடி செய்ய நினைத்தால் யாரும் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாதவரும்கூட. ஆச்சிக்குப் பிரசவம் பார்த்த இந்து மருத்துவச்சியே ஊற்றியிருந்தாலும் செல்லும். ஆச்சியிடம் இதை நான் சொன்னதே இல்லை.

அப்புறம் என்ன மாறியது? புதிய ஏற்பாட்டில் புதிய வசனம் எதுவும் கிடைக்கவில்லை. எந்தச் சங்கமும் கூடி லிம்போவைப் பற்றித் தீர்மானம் போடவில்லை. பூசைப் புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த 1970-ஆம் ஆண்டு ரோமைத் திருப்பலி நூலில், ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்துபோன பிள்ளைக்காக ஓர் அடக்கத் திருப்பலி இடம்பெற்றது.

அந்தச் செபங்களை வகுப்பில் வரிவரியாகப் படித்தோம். பிள்ளை மோட்சத்தில் இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கான செபம் அதைத் தைரியமாகச் சொல்லும், இது சொல்லாது. இதயங்களை அறிந்தவரே, இந்தப் பெற்றோரின் விசுவாசம் உமக்குத் தெரியும், தாங்கள் அழும் பிள்ளை உமது இரக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் உணரச் செய்யும் என்பதுபோல் போகிறது. கேட்பதெல்லாம் பெற்றோருக்காக. பிள்ளையை இரக்கத்தின் கையில் வைத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறது. இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதப்பட்ட செபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, மோட்சம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று. பிறகு புரிந்தது. தெரிந்த அளவுக்குத்தான் செபம் பேசுகிறது, நம்பிக்கையை மட்டும் மூடாமல் விட்டிருக்கிறது.

சட்டம் பின்னால் வந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்றது. 1992-இல் வந்த மறைக்கல்வி ஏட்டின் 1261-ஆம் எண்ணைப் பாருங்கள். திருச்சபை இந்தப் பிள்ளைகளை இறைவனின் இரக்கத்திடம்தான் ஒப்படைக்க முடியும், தன் அடக்கச் சடங்கில் அப்படித்தானே செய்கிறது என்கிறது. போதனை, சடங்கைச் சாட்சிக்கு அழைக்கிறது. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, பாப்பரசர் 16-ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு, ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பிள்ளைகளின் மீட்பைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப இறையியலிலும் வழிபாட்டிலும் வலுவான காரணங்கள் உண்டு, ஆனால் இது நம்பிக்கைக்கான இடம், நிச்சயமான அறிவுக்கான இடம் இல்லை என்பது அதன் முடிவு. செபத்தின் அதே ஜாக்கிரதை. 1970-இன் செபம் எந்தக் கோட்டில் நின்றதோ, 37 வருஷம் கழித்து இறையியலும் அதே கோட்டில் வந்து நின்றது.

அந்த ஆவணம் இன்னொரு சாட்சியையும் கூப்பிடுகிறது. டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை, கிறிஸ்து யார் என்றும் தெரியாது. ஆனாலும் அவர்கள் பேசாமல், இறந்தே சாட்சி சொன்னார்கள் என்று அன்றைய சபை மன்றாட்டு சொல்கிறது. லிம்போவைப் போதித்த எல்லா நூற்றாண்டுகளிலும் அந்தத் திருநாள் கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் தவறாமல் வந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அந்தக் கேள்வியை அங்கேயிருந்து கேட்கவில்லை.

செபம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகக் குறித்த ஒரு சொல் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1959-இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் அதை எடுத்தார். அதுவரை அந்தச் சொல்லும் சனங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். 1947-இலேயே பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த வாசகத்தைத் திருப்பிப்போட்டும் சொல்லலாம், விசுவாசம்தான் செபத்தை நெறிப்படுத்த வேண்டும் என்று எச்சரித்தார். நியாயம்தான். ஆனால் மூன்று வருஷம் கழித்து மாதாவின் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, அது பழங்காலம் தொட்டுக் கொண்டாடிவந்த திருநாள் என்பதை அவரும்தான் சான்றாக எடுத்துவைத்தார். ஆற்றுக்கு இரண்டு கரையும் வேண்டும், எனக்குத் தண்ணீர்மேல்தான் கண்.

2007 ஏப்ரலில் பத்திரிகைகள் "லிம்போவை மூடினார் பாப்பரசர்" என்ற தோரணையில் எழுதின. அது அப்படியே சரியில்லை, லிம்போ ஒரு கருத்தாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் ஆவணம் சொன்னது. நான் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி திண்ணையில் செபமாலையோடு இருந்தாள். படித்துக் காட்டினேன்.

"லிம்போன்னா என்னல?"

"மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம ஒரு இடம் ஆச்சி. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைங்க போறது."

"ஓ, அந்த எடமா."

"அதை நம்பணும்னு கட்டாயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"நான் எப்பம்ல நம்புனேன்?" என்றாள். செபமாலையைத் தூக்கிக் காட்டினாள். "'எல்லாரையும் மோட்ச பாதையில் நடத்தியருளும்'னு தெனம் அஞ்சு தரம் சொல்லுதேன். எல்லாரும்னா அவனும்தான?"

செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளும் உருட்டி முடித்தபின் நாம் சொல்லும் செபம் அது. 1917-இல் பாத்திமாவில் மாதா மூன்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். மதிலுக்கு வெளியே குழி வெட்டச் சொன்ன சட்டத் தொகுப்பும் அதே 1917-தான். நாளுக்கு ஐந்து என்றால் வருஷத்துக்கு 1825. ஆச்சி எத்தனை வருஷம் சொன்னாள் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்புச் சாமியாரிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது, செபமாலை பக்தி முயற்சிதான், வழிபாடு ஆகாது, ஆகவே கறாராகப் பார்த்தால் இது லெக்ஸ் ஒராந்தியில் வராது என்று திருத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவங்க சொன்னது சரி" என்றார்.

மேற்கு மதில் இப்போது இல்லை. தொண்ணூறுகளில் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் போக, மதிலை இடித்து மேற்கே தள்ளிக் கட்டினார்கள். உடைமரங்களை வெட்டிச் சமன்படுத்தினார்கள். இறையியல் காரணம் எதுவும் கிடையாது, இடநெருக்கடிதான். ஆச்சிக்கு அந்த இடம் மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. கல்லறைத் திருநாளுக்கு வருஷாவருஷம் அங்கே ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள். அவள் போனபிறகு நான் வைக்கிறேன், சரியான இடம்தானா என்று எனக்கு உறுதி இல்லை.

போன நவம்பர் 2 அன்று பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு கல்லறையாக வந்தார். பின்னால் பீடச்சிறுவன் வாளியோடு. என் முன்னால் சிலுவையும் இல்லை, மேடையும் இல்லை, வெறும் மண்ணில் ஒரு மெழுகுவர்த்தி. நின்றார்.

"பேர் என்ன?" என்றார், மன்றாட்டில் சொல்வதற்காக.

"பேர் வைக்கலை ஃபாதர்."

என்னை ஒருமுறை பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. தெளிப்பானை வாளியில் முக்கி மண்ணின்மேல் மூன்று தடவை தெளித்தார். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. சிறுவன் தன் கையில் இருந்ததைச் சாய்த்து மறுபடி கொளுத்தினான். அவர்கள் அடுத்த கல்லறைக்குப் போனார்கள்.